பூத்த சோலான்

அது சோலான் என்று என் கணவன் முதஷ்ஷர் சொன்னான். இல்லவே இல்லை என்று நான் சொன்னேன். இதில் கூத்து என்னவென்றால், அது சோலானாக இருந்துவிடக் கூடாதா என்று ஏங்கியவள் நான். சோலானே அகப்படாமல் போனால் நல்லது என்று இருந்தவன் அவன். ஆளுக்கு ஆள் எதிராளியின் வழக்கைப் பேசிக்கொண்டிருந்தோம்.

சோலான் என்பது எங்கள் சதுப்பு நீரில் வளரும் கோரை. எருமைகளுக்கு அதுதான் சோறு. விடிந்ததும் படகில் போய் இளசாக அறுத்துக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து போடுவோம். மிச்சத்தை அவையே நீந்திப் போய் மேய்ந்துவிடும். அரிவாள் பிடிக்கத் தெரிந்த நாளிலிருந்து நான் அதை அறுத்துக்கொண்டிருக்கிறேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் அறுபடும் சத்தத்தை வைத்தே சோலானா நாணலா என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட என்னிடம் வந்து ஒருவன் எது சோலான் என்று பாடம் நடத்தினால் எரிச்சல் வருமா வராதா?

அந்தக் கோடையில் எங்கள் குட்டை செத்துவிட்டது. மேலே எங்கோ அணையில் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள் என்றார்கள். இருந்த தண்ணீரும் உப்புக் கரித்தது. சோலான் வேரோடு கருகிப்போயிற்று. கன்றுகளுக்குக் கண் பூத்துப் போனது. நெற்றியில் வெள்ளைச் சுழியோடு மந்தைக்கு முன்னால் நீந்துகிற நஜ்மா, விலா எலும்பை எண்ணிவிடலாம் போல நின்றாள். பாலாடை எடுக்கப் பால் இல்லை. எங்கள் தேநீருக்கே பால் இல்லை.

"எல்லாத்தையும் வித்துட்டு பஸ்ராவுக்குப் போயிடலாம், திஸ்வாஹின். கரீம் கூப்பிட்டுட்டே இருக்கான்" என்றான் முதஷ்ஷர். கரீம் எங்கள் மகன். அவன் பெயரை வைத்துத்தான் என்னை உம்மு கரீம், முதஷ்ஷரை அபு கரீம் என்று கூப்பிடுவார்கள். எண்ணெய்க் கிணறுகளுக்குக் காவல் வேலை பார்க்கிறான்.

"போயி? அவன் பொண்டாட்டி மூஞ்சியப் பாத்துக்கிட்டு மூலையில உக்காந்திருக்கணுமா? எருமை இல்லாம நான் என்ன மனுஷி?"

"எருமை செத்தா மட்டும் என்ன மனுஷி?"

இப்படியே பேசிப் பேசிக் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். மாட்டு வியாபாரி ஷினாவா வியாழக்கிழமை வருகிறான். அதற்குள் நல்ல தண்ணீரும் சோலானும் உள்ள இடம் கிடைத்தால் இருப்போம். கிடைக்காவிட்டால் நஜ்மா உட்பட எல்லாவற்றையும் அவன் லாரியில் ஏற்றிவிட வேண்டும். நான் ஒப்புக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

தினமும் கழியை ஊன்றிப் படகைத் தள்ளிக்கொண்டு அலைந்தேன். காய்ந்த வாய்க்கால்களில் படகை இழுத்துக்கொண்டும் நடந்தேன். ஒரு நாள் செத்த நாணல்களைப் பிளந்துகொண்டு போனபோது திடீரென்று கண்முன்னே விரிந்த தண்ணீர். உம்துயூர் என்று பெயர் மட்டும் கேட்டிருக்கிறேன். அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. கையில் அள்ளிக் குடித்துப் பார்த்தேன். தொண்டையில் இறங்கியது, கரிக்கவில்லை. யா அலி என்று கத்தியே விட்டேன்.

அப்புறம்தான் அந்தச் செடியைப் பார்த்தேன். தண்ணீர் முழுக்க அதுதான் நின்றது. ஆள் உயரத்துக்கு மேல், பழுப்பேறி, விறைப்பாக. ஒவ்வொரு தண்டின் உச்சியிலும் தவிட்டு நிறத்தில் கொத்துக் கொத்தாக என்னவோ தொங்கிற்று, சீவாத தலைமயிர் மாதிரி. அப்படி ஒரு செடியை என் பிறவியில் பார்த்ததில்லை. தண்ணீர் இருக்கிறது, தீனி இல்லை. பழம் கைக்கு வந்தது, வாய்க்கு வரவில்லை. படகிலேயே உட்கார்ந்து அழுதேன்.

வீட்டுக்கு வந்து முதஷ்ஷரிடம் சொன்னேன். வலையைப் பின்னிக்கொண்டிருந்தவன் கை நின்றது.

"எங்க போன?"

"உம்துயூர்."

"அங்கெல்லாம் போகாத. கண்ணிவெடி இருக்கு."

"வெடி இருந்தா நான் எப்படி உக்காந்து பேசிட்டிருக்கேன்? அத விடு. தண்ணி தேன் மாதிரி இருக்கு. ஆனா என்னமோ பீடை பிடிச்ச செடி நிக்குது. உச்சியில பழுப்பா மயிர் தொங்குது. சோலான் ஒரு தண்டு கூட இல்ல."

அவன் வலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அது சோலான்தான்."

"என்ன?"

"நீ சொன்ன செடி. அதான் சோலான்."

"பாக்காமலேயா? உனக்கென்ன வானத்துலேர்ந்து இல்ஹாம் இறங்குதா?"

எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி உட்கார்ந்திருந்தான். போகலாம் வா, நேரில் பார் என்றால் வரமாட்டேன் என்றான். முதலில் கண்ணிவெடி என்றவன், அப்புறம் அங்கே ஜின் குடியிருக்கிறது என்றான். சாயங்காலம் அது வேறு குலத்தாரின் தண்ணீர், வம்பு வரும் என்றான். சரி, அப்படியானால் அது சோலான் இல்லை என்று சொல்லிவிடு, விற்றுத் தொலைக்கலாம் என்றால், "சோலான்தான், அதுல பொய் சொல்ல முடியாது" என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இந்த மனுஷன் எப்போதுமே குழப்பம்தான். இவனுடைய தம்பி முஹைசின், அரசாங்கத்துப் பட்டாளம் வந்து எங்கள் சதுப்பை வற்ற அடித்த வருஷம் செத்துப்போனவன். எங்களில் யார் செத்தாலும் எப்பாடு பட்டாவது நஜஃபுக்குக் கொண்டுபோய் இமாம் அலியின் காலடியில்தான் அடக்குவோம். முஹைசினையும் அங்கேதான் அடக்கியதாக முதஷ்ஷர் வந்து சொன்னான். ஒவ்வொரு பெருநாளுக்கும் போகிறோம். ஆனால் இந்த ஆளுக்குக் கல்லறை எதுவென்று தெரியாது. ஒரு வருஷம் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நிறுத்துவான். மறு வருஷம் மதிலோரம். "இங்கதான் எங்கயோ" என்பான். அவன் அம்மா சாகும்வரை வருஷத்துக்கு ஒரு கல்லறையைக் கட்டிப்பிடித்து அழுதாள். யார் பெற்ற பிள்ளைக்கு அழுதாளோ, பாவம்.

மறுநாள் நிப்ராஸைப் பிடித்தேன். செடிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் பெண். பல்கலைக்கழகத்திலிருந்து வந்து சாலையோர விருந்தினர் கூடத்தில் தங்கியிருந்தாள். கண்ட புல்லையும் பழைய செய்தித்தாளுக்குள் வைத்து இறுக்கிக் கட்டுவாள். மீன்காரர்கள் அவளை 'புல்லு டாக்டர்' என்று கிண்டல் செய்வார்கள். அவளும் சிரிப்பாள். என்னைக் 'காலா' என்று, சித்தியைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிடுவாள். படகில் ஏற்றி உம்துயூருக்குக் கூட்டிப்போனேன்.

ஒரு தண்டை உருவி அடியிலிருந்து நுனிவரை விரலால் உருட்டிக்கொண்டே போனாள். "அடியில உருண்டையா இருக்கு. மேல போகப் போக மூணு மூலை வருது. கோரைதான், அதுல சந்தேகமில்ல."

"கோரைன்னு எனக்கே தெரியும் மகளே. எந்தக் கோரை?"

அவள் அந்தப் பழுப்புக் கொத்தை உதிர்த்து, ஒரு விதையை நகத்தில் வைத்து, பூதக்கண்ணாடியை எனக்குக் கொடுத்தாள். விதையைச் சுற்றிக் குட்டிக் குட்டியாய் இறகுகள். குருவிக் குஞ்சின் இறகு மாதிரி.

"பாத்தீங்களா? வேற கோரைக்கு இந்த இடத்துல முள்ளுதான் இருக்கும், பின்னால வளைஞ்ச முள்ளு. இறகு இருந்தா அது ஒண்ணே ஒண்ணுதான். என் புஸ்தகப்படி இதுதான் உங்க சோலான்."

"அப்போ உன் புஸ்தகம் தப்பு."

"இருக்கலாம் காலா" என்றாள் அவள். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கொஞ்சம் சண்டை போட்டிருக்கலாம். "புஸ்தகத்துல அந்தப் பேரை எழுதினவர் யார்கிட்டயோ கேட்டுத்தான எழுதியிருப்பார்? அவர் கேட்ட ஆள் தப்பாச் சொல்லியிருந்தா? அதுவுமில்லாம, புஸ்தகத்துல இருக்கற சோலான் கொஞ்சம் உப்பைத் தாங்கற செடி. கரையோரமா, ஆழமில்லாத இடத்துல நிக்கும்னு போட்டிருக்கு. இங்க பாருங்க, நடுத்தண்ணியில காடா நிக்குது."

"சந்தையில சோலான் கட்டு வாங்கி வச்சிருக்கியே, அதோட வச்சுப் பாரேன்."

"பாத்தேனே. நீங்க எல்லாரும் பூக்கறதுக்கு முன்னாடியே அறுத்துடறீங்க. அந்தக் கட்டுல ஒரு பூ கிடையாது, விதை கிடையாது. விதை இல்லாம கோரையை நிச்சயமாச் சொல்ல முடியாது. அங்க தலையில்லாத முண்டம், இங்க இந்தத் தலை. ரெண்டும் ஒரே ஆளுதான்னு நான் எப்படிச் சொல்றது?"

"இதுக்கா இத்தனை வருஷம் படிச்ச?"

"இதுக்குத்தான்" என்று சிரித்தாள்.

வரும்போது ஒரு கட்டு அறுத்தேன். கட்டை மாதிரி அறுபட்டது, சோலான் சத்தமே இல்லை. கொண்டுவந்து நஜ்மாவின் முன்னால் போட்டேன். எருமையைவிடப் பெரிய டாக்டர் யார்? பட்டினியில் கிடந்த நஜ்மா முகர்ந்து பார்த்தாள். புஸ்ஸென்று மூச்சு விட்டாள். திரும்பி எனக்குப் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"பாத்தியா! உன் சோலானை எருமையே தின்ன மாட்டேங்குது" என்று முதஷ்ஷரிடம் கத்தினேன். ஜெயித்துவிட்டேன். ஆனால் ஜெயித்தால் நஜ்மா லாரி ஏற வேண்டுமே.

"முத்தினது தின்னாது. நமக்கு மட்டும் முத்தின வெண்டைக்கா இறங்குமா?" என்றான் அவன்.

வியாழக்கிழமை வெயில் ஏறும் முன்பே ஷினாவா வந்துவிட்டான். தொப்பையைத் தூக்கிக்கொண்டு படகிலிருந்து இறங்கி, பாயில் உட்கார்ந்து, தேநீரில் சர்க்கரையைக் கொட்டிக் கலக்கினான். கண் மட்டும் எருமைகள் மேலேயே இருந்தது. அப்புறம் எழுந்துபோய் நஜ்மாவின் விலாவைத் தட்டிப் பார்த்தான்.

"உம்மு கரீம், இது எருமையா, இல்ல மீன்கூடைக்குத் தோல் போர்த்தியிருக்கீங்களா?"

"உன் வயித்துல இருக்கறதுல பாதியை அதுக்குக் குடு, தேறிடும்" என்றேன்.

அவன் சிரித்துக்கொண்டே கயிற்றை எடுத்தான். நஜ்மாவுக்குக் கயிறு பழக்கமில்லை. கழுத்தில் பட்டதும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். முதஷ்ஷர் ஓரமாக நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன்தான் விற்கச் சொன்னவன். அவன்தான் சோலான் இருக்கிறது என்றும் சொல்கிறவன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு நிற்கிறான் என்று மட்டும் தெரிந்தது. அது என்ன பூசணிக்காய் என்றுதான் தெரியவில்லை.

"அபு கரீம்! இந்த மனுஷன் முன்னால சொல்லு. அது சோலானா இல்லையா?"

"அதான் சொன்னேனே."

"இப்படி இல்ல. அப்பாஸ் மேல சத்தியம் பண்ணு."

ஷினாவாவின் கை கயிற்றிலேயே நின்றுவிட்டது. எங்கள் ஊரில் அல்லாவின் மேல் ஆணை என்று நாளுக்கு நூறு தடவை சொல்வார்கள், யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். அல்லா மன்னிக்கிறவன். இமாம் அலியின் மகன் அப்பாஸ் அப்படி இல்லை. அவர் பெயரில் பொய்ச்சத்தியம் செய்தவனின் வாய் கோணிப்போனதை எல்லோரும் எங்கேயாவது பார்த்திருக்கிறார்கள். முதஷ்ஷர் வாலிபத்திலிருந்தே அந்தப் பெயருக்கு நடுங்குகிறவன். மீன் விற்கும்போதுகூட அந்தப் பெயரை இழுக்க மாட்டான்.

வாய்க்குள்ளேயே எதையோ மென்றான். அப்புறம் கையை உயர்த்தினான்.

"அப்பாஸ் மேல சத்தியம். உம்துயூர்ல நிக்கறது சோலான்தான். என் கண்ணால பாத்திருக்கேன்."

ஷினாவா கயிற்றைச் சுருட்டத் தொடங்கினான்.

"எனக்கு உங்க எருமையும் வேணாம், உங்க சண்டையும் வேணாம். அப்பாஸ் பேரு விழுந்த எடத்துல நான் கயிறு போட்டா என் லாரி ஆத்துக்குள்ள போயிடும்" என்று முணுமுணுத்துக்கொண்டே படகேறினான். தேநீரைக்கூட முடிக்கவில்லை.

"ஏறு படகுல. நீ எங்க எப்பப் பாத்தன்னு எனக்கு இப்பவே தெரியணும்" என்றேன் முதஷ்ஷரிடம். இந்த முறை அவன் ஜின் என்று சொல்லவில்லை. கண்ணிவெடி என்றும் சொல்லவில்லை. கழியை எடுத்தான்.

எந்த வாய்க்காலில் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. என்னைவிடக் குறுக்குவழியாகக் கொண்டுபோய் விட்டான். உம்துயூரைக் கண்டதும் கழியைப் படகில் போட்டுவிட்டு, தண்ணீருக்குள் தோள்வரை கையை விட்டு, ஒரு தண்டை வேரோடு உருவினான். மேலே இருந்த பழுப்பை முறித்து எறிந்தான். அடியில் தோலை உரித்தான். உள்ளே வெள்ளை வெளேரென்று ஒரு விரல் நீளம்.

"மெல்லு."

வாயில் போட்டேன். அறுக்கும்போது பசிக்கு நாங்கள் எல்லோரும் கடித்துத் துப்புகிற அதே தண்டு. கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் சேற்று வாசம். சந்தேகமே இல்லை. சோலான்தான். சுற்றிலும் அந்தத் தவிட்டு நிறத் தலைகள் ஆடிக்கொண்டு நின்றன. வாழ்நாள் முழுக்க அறுத்த கோரையின் பூவை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

"யா அலி! இதுவா! அப்போ நான் ஏன் இத்தனை நாள் பாக்கல?"

"எப்படிப் பாப்ப? எருமை இருக்கற எடத்துல சோலான் பூக்காது. பூக்க விடாது."

"சரி, எருமை இல்லாத எடத்துல உனக்கு என்ன வேலை?"

கேட்ட பிறகுதான் நான் என்ன கேட்டேன் என்பது எனக்கே உறைத்தது. அவன் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"பட்டாளம் வந்த வருஷம். நீ கரீமைத் தூக்கிக்கிட்டு உங்கப்பன் வீட்டுக்குப் போயிட்ட. எருமையெல்லாம் சுட்டுட்டானுங்க. ஆளுங்க ஓடிட்டாங்க. நானும் முஹைசினும் இங்க ஒளிஞ்சிருந்தோம். அறுக்கறதுக்கு ஆளில்ல, மேயறதுக்கு எருமையில்ல. சோலான் அதுபாட்டுக்கு வளந்து பூத்துடுச்சு. எங்களுக்கே முதல்ல அது என்ன செடின்னு தெரியல. முஹைசின்தான் அடித்தண்டைக் கடிச்சுப் பாத்துட்டு, 'டேய் அண்ணா, இது நம்ம சோலான்டா, மீசை வச்சிருக்கு'ன்னான். சிரிச்சோம்."

"அப்புறம்?"

"அவனுக்கு வயித்துல குண்டு பட்டிருந்துச்சு. பட்டபோது பெரிசாத் தெரியல."

படகின் விளிம்பில் ஒட்டியிருந்த சேற்றை நகத்தால் சுரண்டினான்.

"நஜஃபுக்கு எப்படிக் கொண்டுபோவேன், திஸ்வாஹின்? ரோடு முழுக்கப் பட்டாளம். பகல்ல தலையத் தூக்க முடியாது. அவன் வாசம் வர ஆரம்பிச்சுடுச்சு. என் தம்பி வாசம். சேத்துல வச்சு, மேல மண்ணைப் போட்டு, சோலானை வளைச்சு மூடினேன். ஃபாத்திஹாவைக்கூட வாய்க்குள்ளயேதான் ஓதினேன். அம்மாகிட்ட வந்து என்ன சொல்றது? நஜஃபுன்னேன். ஒரு தடவை சொல்லிட்டேன். அப்புறம் வருஷா வருஷம் கூட்டிட்டுப் போன்னா என்ன பண்ணுவேன்?"

குழந்தை மாதிரி அழுதான். இத்தனை வருஷத்தில் அவன் அழுது நான் பார்த்ததில்லை. அதுவும் சோலான் பூ மாதிரிதான். எனக்குக் கோபம் வந்தது. யாரோ ஒருவரின் கல்லறையில் தலையை முட்டிக்கொண்ட அந்தக் கிழவியை நினைத்தால் கோபம். இதையெல்லாம் ஒற்றை ஆளாக விழுங்கிக்கொண்டு என் பக்கத்தில் படுத்துக் கிடந்தானே என்று நினைத்தால் அதைவிடக் கோபம். அடிக்கலாமா அணைக்கலாமா என்று தெரியாமல், தலைத்துணியின் முனையால் அவன் மூக்கைத் துடைத்துவிட்டேன்.

"வா, போகலாம். வித்துடலாம். ஷினாவாவை நானே கூப்பிடறேன். இங்க உன்னால இருக்க முடியாது" என்றேன். நஜ்மாவின் முகம் கண்ணுக்குள் வந்தது. இருந்தும் மனதாரத்தான் சொன்னேன்.

அவன் அரிவாளை எடுத்தான். தண்ணீருக்குள் இறங்கி நின்று, கைக்கு எட்டியதையெல்லாம் அறுக்கத் தொடங்கினான்.

"எருமைகளை ஓட்டிட்டு வா. முஹைசின் தனியாக் கிடந்தது போதும். இனி இங்க பூக்கக் கூடாது."

நாணல் வீட்டைப் பிரித்துப் படகுகளில் ஏற்றிக்கொண்டு வந்தோம். அறுத்த முற்றல் கோரையைத் தண்ணீரில் பரப்பி மிதித்து மேடாக்கி, அதன்மேல் வீடு கட்டினோம். சில நாளில் அறுத்த இடத்தில் பச்சைக் குருத்து எட்டிப் பார்த்தது. நஜ்மா நீந்திப் போய் வாயை வைத்தாள். அப்புறம் தலையைத் தூக்கவே இல்லை. மற்றவையும் பின்னால் போயின. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஒரு நாள் வெயில் தணிந்த பிறகு நிப்ராஸ் செய்தித்தாள் கட்டோடு வந்தாள். தண்ணீரைப் பார்த்துத் திகைத்துப்போனாள்.

"காலா! அந்தப் பூவெல்லாம் எங்க? நான் விதை எடுக்க வந்தேனே!"

"எங்க வீட்டுக்கு அடியில. வேணும்னா தோண்டித் தேடு."

"அப்போ அது சோலான்தானா? நீங்க இல்லன்னு சொன்னதால நான் கேள்விக்குறி போட்டு வச்சிருக்கேன்."

"அழிச்சுடு. சோலான்தான்."

"எப்படிப்பட்ட இடத்துல பூக்கும்னு எழுதணும் காலா. ஆழமா, கரையோரமா, உப்பா, நல்ல தண்ணியா? எனக்கு இன்னும் குழப்பமா இருக்கு."

நான் யோசித்தேன். முதஷ்ஷர் தூரத்தில் படகில் நின்று வலை வீசிக்கொண்டிருந்தான்.

"ஆளில்லாத எடத்துல பூக்கும்னு எழுது" என்றேன். அவள் சிரித்துவிட்டு வேறு ஏதோ எழுதிக்கொண்டாள்.

பெருநாள் வந்தது. நஜஃபுக்குப் போகவில்லை. முதஷ்ஷர் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டான். நான் பேரீச்சம்பழமும் ரொட்டியும் எடுத்துக்கொண்டேன். இருவரும் படகில் போனோம். இங்கே நிறுத்தினான். வேண்டாம் என்று இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனான். திரும்பினான். எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி பச்சை, முழங்கால் உயரத்துக்கு மேய்ந்துவிட்ட பச்சை. நடுவே எருமைகளின் கறுப்புத் தலைகள். பட்டாளம் வந்த பிறகு எல்லாம் காய்ந்து, மறுபடி தண்ணீர் வந்து, கரையே இடம் மாறிப்போன நிலம் வேறு. கழியை ஊன்றிக்கொண்டு அவன் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"எந்த எடம்?" என்று கேட்டேன்.

"இங்கதான் எங்கயோ" என்றான்.

அந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து எத்தனையோ பெருநாள் கேட்டிருக்கிறேன். அன்றுதான் முதன்முதலாக நம்பினேன். ரொட்டியைப் பிட்டுத் தண்ணீரில் போட்டேன். ஃபாத்திஹாவை இருவரும் சத்தமாகவே ஓதினோம்.